சோம்பு வாசத்தில் குடியிருக்கும் வண்டு

மலேசியாவில் செம்பனைத் தோட்டத்துக்குள் நடந்தால், சில மரங்களுக்கு அடியில் சோம்பு வாசம் அடிக்கும். நாம் எண்ணெய்ப்பனை என்பதைத்தான் அங்கே செம்பனை என்கிறார்கள். வாசம் வருவது ஆண் பூங்கொத்திலிருந்து. அதில் 3, 4 மில்லிமீட்டர் நீள வண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். மூக்கு நீண்ட கூன்வண்டு இனம். அறிவியல் பெயர் எலெய்டோபியஸ் கமெருனிக்கஸ். கேமரூன் என்ற ஆப்பிரிக்க நாடு பெயரிலேயே இருக்கிறது.

ஒரு பூச்சி எங்கே வாழும் என்று கேட்டால் காடு, மழை, வெயில் என்று சொல்லுவோம். இதற்கு அதெல்லாம் அப்புறம்தான். ஆண் பூங்கொத்தே இதற்கு வீடு, சாப்பாடு, தொட்டில். பூ விரிந்ததும் மகரந்தத் தாள்களின் காம்பைத் தின்கிறது, அங்கேயே முட்டையிடுகிறது. புழுக்கள் வாடிய பூவைத் தின்று வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் வண்டாக வெளியே வரும். அதற்குள் கொத்து காய்ந்திருக்கும். வேறு ஆண் பூவைத் தேடியாக வேண்டும்.

தேடும்போதுதான் ஏமாறுகிறது. எண்ணெய்ப்பனை கொஞ்ச காலம் ஆண் கொத்தாகவும் கொஞ்ச காலம் பெண் கொத்தாகவும் மாற்றி மாற்றிப் பூக்கும். அதனால் மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்துதான் வர வேண்டும். பெண் பூவும் அதே சோம்பு வாசத்தை விடுகிறது. வண்டு இறங்கிப் பார்க்கிறது. முட்டையிட வசதியில்லை, கிளம்பிவிடுகிறது. உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். மரத்துக்கு அது போதும்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரம்தான் வந்தது, வண்டு வரவில்லை. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. 1917இல் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் தென்னமரம் தோட்டத்தில் அது வணிகப் பயிரானது. மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். காய்ப்புப் போதவில்லை, ஆட்களை வைத்து மரம் மரமாக மகரந்தம் தூவினார்கள். வண்டு சும்மா செய்கிற வேலைக்குக் கூலி!

கேமரூனில் வேலை பார்த்துவிட்டு மலேசியா வந்த தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சனுக்குச் சந்தேகம்: அங்கே பூவெல்லாம் வண்டு, இங்கே ஏன் இல்லை? பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்தார். பூவுக்கு வந்த பல இனங்களில், மழையிலும் வறட்சியிலும் தாக்குப்பிடித்தது இதுதான். வேறு பயிர்களைக் கெடுக்காது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் விட்டார்கள். மலேசியத் தீபகற்பம் முழுக்கப் பரவியது. கையால் தூவும் வேலை நின்றது. 1985இல் கேரளத்துக்கும் வந்து சேர்ந்தது.

சரி, இனி எங்கும் பரவலாமா? ஆண் பூ இருக்கும் வரைதான். பெண் கொத்து அதிகம் தரும்படி தேர்ந்தெடுத்த இளமரத் தோட்டங்களில் ஆண் பூ குறைவு, வண்டும் குறைவு, காய்ப்பும் பிசகுகிறது. போதாததற்கு, வாடிய கொத்துக்குள் கொழுத்த புழு இருப்பதை எலி மோப்பம் பிடித்துவிட்டது. கதிரைக் கடித்துப் பிய்த்துத் தின்கிறது.