சிறிய சப்வூஃபரில் ஆழ்ந்த பேஸ் கிடைக்குமா?

பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு சப்வூஃபர் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஒலிபெருக்கி) 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 அதிர்வுகள், வரை இறங்கும் என்று அதன் விவரக்குறிப்பில் அச்சிட்டிருந்தால், ஒலிக்கருவிகளோடு பழகியவர்களுக்கு அதை நம்பத் தயக்கமாகத்தான் இருக்கும். அந்த அதிர்வெண்ணில் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர்; தன்னைவிட 70 மடங்கு நீளமான அலையை இந்தச் சிறு பெட்டி எப்படி உண்டாக்கும் என்று கேட்பார்கள். தயக்கம் நியாயமானது, அதற்குச் சொல்லும் காரணம்தான் சரியில்லை. காதுக்குள் செருகும் இயர்போனின் அதிரும் தகடு ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாமலே 20 ஹெர்ட்ஸ் ஒலியைத் தருகிறது. அடைபட்ட காதுக்குழாயில் அது அசைக்க வேண்டிய காற்று மிகக் கொஞ்சம் என்பதால் அது முடிகிறது. ஆகவே அலையின் நீளத்தைவிட, ஓர் அறையின் நடுவே எவ்வளவு காற்றை முன்னும் பின்னும் தள்ள முடியும் என்பதே இங்கே கணக்கு.

காதை எட்டும் ஒலியழுத்தம், ஒலிபெருக்கியில் அசைந்து காற்றைத் தள்ளும் கூம்பின் முடுக்கத்தைப் பொறுத்தது. இதனால், அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே அழுத்தத்தைத் தர, கூம்பு முன்பைவிட நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டியிருக்கிறது. சுமார் 215 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள 8 அங்குலக் கூம்பை எடுத்துக்கொள்வோம். சுவர்களின் உதவி இல்லாத திறந்த வெளியில், தரைமேல் வைத்து, 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபல் கிடைக்க, 40 ஹெர்ட்ஸில் அது நடுநிலையிலிருந்து இரு பக்கமும் சுமார் 3.5 மில்லிமீட்டர் அசைந்தால் போதும். 20 ஹெர்ட்ஸில் 14 மில்லிமீட்டர் அசைய வேண்டும். இன்னும் 10 டெசிபல் கூட்டினால், 40 ஹெர்ட்ஸில் 11 மில்லிமீட்டர் என்பது நல்ல கூம்பால் இயலக்கூடியது. 20 ஹெர்ட்ஸில் வேண்டிய 40 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட அசைவு அந்த அளவுக் கூம்புக்கு நடைமுறையில் எட்டாதது. 12 அங்குலக் கூம்பின் பரப்பு இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்பதால், அதே வேலைக்கு அது பாதி தொலைவுகூட அசைய வேண்டியதில்லை.

அசைவு மட்டுமே தடையாக இருந்தால் பொறியாளர்கள் அதைச் சமாளித்துவிடலாம். பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்று அடுத்த தடையாக வந்து நிற்கிறது. 10 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டியில் அந்த 8 அங்குலக் கூம்பு 14 மில்லிமீட்டர் உள்ளே போகும்போது, பெட்டியின் காற்று 3 சதவீதம் சுருங்குகிறது. கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றினாலும், அதனால் எழும் எதிர் அழுத்தம் கூம்பின்மேல் ஏறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமமான விசையாக அழுத்துகிறது. மெல்லிய காகிதமோ அலுமினியமோ ஆன கூம்பு அந்த அழுத்தத்தை நொடிக்கு 20 முறை தாங்கவும் வேண்டும், தள்ளி வெல்லவும் வேண்டும். பெட்டி 100 லிட்டராக இருந்தால் இதே விசை ஒரு கிலோவுக்கும் குறைவு.

இந்தக் காற்றையே சுருள்வில்போலப் பயன்படுத்தலாம் என்று 1954-இல் காட்டியவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். அவருடைய மூடிய பெட்டி, அந்நாளில் அலமாரி அளவிலிருந்த ஒலிபெருக்கிகளைப் புத்தகத் தட்டின் அளவுக்குச் சுருக்கியது. பிறகு ஆன்டன் ஹாஃப்மன் சொன்ன விதி இத்துறையில் இரும்பு விதி என்றே பெயர் பெற்றுவிட்டது: சிறிய பெட்டி, ஆழ்ந்த பேஸ், உயர்ந்த செயல்திறன் (உள்ளே செல்லும் மின்திறனில் ஒலியாகும் பங்கு) ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெற முடியும். பொறியாளர்களான நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் பின்னர் தந்த கணக்கின்படி, செயல்திறன் பெட்டியின் கொள்ளளவுக்கும் கீழ் எல்லை அதிர்வெண்ணின் முப்படிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. பெட்டியை மாற்றாமல் எல்லையை 40-இலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், செயல்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

சிறிய சப்வூஃபர்கள் அனைத்தும் மூன்றாவதான செயல்திறனைத் துறந்தவை. 1990-களின் நடுவில் ஒலிக்கருவி வடிவமைப்பாளர் பாப் கார்வர் வெளியிட்ட 11 அங்குலக் கனசதுர சப்வூஃபரின் ஆம்ப்ளிஃபயருக்கு 2,700 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த எண் விளம்பரத்துக்காக மட்டும் அல்ல, விதிக்குக் கட்டிய வரி என்றும் சொல்லலாம். இன்றைய 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர்கள் அதிகம் சூடாகாமல் பெரும் திறனைச் சிறிய இடத்தில் தருவதால் இந்த வரியைக் கட்டுவது எளிதாகிவிட்டது. ஆயினும் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளுக்குள் செல்லும் திறனில் மிகப்பெரும் பங்கு ஒலியாகாமல் வெப்பமாகவே போகிறது. சில வடிவமைப்புகளில் இரண்டு கூம்புகள் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன; பெட்டியை உலுக்கும் விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால், எடை குறைந்த பெட்டி தரையில் நகர்ந்து ஊர்வதில்லை.

உள்ளே இருக்கும் டிஜிட்டல் செயலி, தாழ்ந்த அதிர்வெண்களை முன்கூட்டியே பெரிதாக்கிக் கூம்புக்கு அனுப்புகிறது. ஒலியைக் கூட்டக் கூட்டக் கூம்பு தன் அசைவு எல்லையை நெருங்குவதால், அதே செயலி ஆழ்ந்த பகுதியைச் சத்தமில்லாமல் வெட்டத் தொடங்குகிறது. மெதுவாகக் கேட்கும்போது 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கிய பெட்டி, உரக்க வைக்கும்போது 40 ஹெர்ட்ஸோடு நின்றுவிடலாம். இத்தனை ஹெர்ட்ஸ் என்ற எண் எத்தனை டெசிபலில் அளந்தது என்று சேர்த்துச் சொல்லாத விவரக்குறிப்பை நான் பாதி வாக்கியமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நம் காதும் இங்கே இரக்கம் காட்டுவதில்லை. 1,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 டெசிபலிலேயே ஒலியை உணரும் மனிதச் செவி, 40 ஹெர்ட்ஸில் 50 டெசிபலை ஒட்டியும், 20 ஹெர்ட்ஸில் 80 டெசிபலை நெருங்கியும்தான் அதை உணரத் தொடங்குகிறது. மேலே கண்ட 20 ஹெர்ட்ஸ், 90 டெசிபல் என்பது, கூம்பு அவ்வளவு பாடுபட்ட பிறகும், அமைதியான அறையில் இலேசான ஓர் அதிர்வாக மட்டுமே தெரியும்.

ஆனால் இசைக்கு அவ்வளவு ஆழம் எப்போதும் தேவைப்படுவதில்லை. நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தியுள்ளதில் 31 ஹெர்ட்ஸ்; பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். பெரிய குழாய் ஆர்கனும் மின்னணு இசையும்தான் 20 ஹெர்ட்ஸ் பக்கம் போகின்றன. மேலும், தாழ்ந்த சுரத்தின் அடிப்படை அதிர்வெண் பலவீனமாக இருந்தாலும், அதன் மடங்குகளாக வரும் மேற்சுரங்களைக் கொண்டு மூளை அந்தச் சுருதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. திரைப்படத்தின் வெடிச்சத்தத்துக்குப் போதாத சிறு பெட்டி இசைக்கு மட்டும் நிறைவாகத் தோன்றுவது இதனால்தான்.

எஞ்சிய உதவியை அறை செய்கிறது. 5 மீட்டர் நீள அறையில் முதல் ஒத்ததிர்வு (அறையே ஒலியைப் பெருக்கும் அதிர்வெண்) 34 ஹெர்ட்ஸ் அளவில் வரும். அதற்கும் கீழே அறைக் காற்று முழுவதும் ஒரே சீராக அழுந்தி விரிவதால், இயர்போனுக்குக் காதுக்குழாய் செய்த உதவியை அறை ஓரளவு சப்வூஃபருக்குச் செய்கிறது. மூடிய பெட்டியின் வெளியீடு கீழ் எல்லைக்கு அப்பால் ஓர் எண்மத்துக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் வீதம் சரிகிறது. இறுக்கமாக மூடிய சிறிய அறை அந்தச் சரிவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். திறந்த கூடத்தில் இந்த உதவி கிடைக்காது. மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஒத்ததிர்வுகளும் முழு வேகத்தில் கிளம்பும். அதைவிட இரண்டு சிறிய பெட்டிகளை வெவ்வேறு இடங்களில் வைப்பது பெரும்பாலும் மேல்: தள்ளும் காற்று இரட்டிப்பாகிறது, இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவதும் குறைகிறது.

வாங்கிய பெட்டியின் எல்லையைக் காதாலேயே அறியலாம். மேற்சுரம் கலவாத 25 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை மெதுவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். தூய 25 ஹெர்ட்ஸ் காதில் தெளிவான சுருதியாக விழாமல், அறையில் நிறையும் அழுத்தமாகவே உணரப்படும். ஏதோ ஒரு கட்டத்தில் முனகல்போல ஒரு சுருதி தெளிவாகக் கேட்கத் தொடங்கினால், அது கூம்போ சுருளோ எல்லைமீறித் தானாகச் சேர்க்கும் 50, 75 ஹெர்ட்ஸ் ஒலி. அதற்குச் சற்று முன்பு ஒலியளவுக் குமிழ் நின்ற இடம்தான் அந்தப் பெட்டி 25 ஹெர்ட்ஸில் உண்மையாகத் தரக்கூடிய அளவு.