ஜியோலொகேஷன்: புவியிடமறிதல்

கிரேக்கமும் லத்தீனும் கலந்த சொல் இது. கிரேக்கத்தில் ‘கே’ என்றால் பூமி. அதுதான் ‘ஜியோ’ ஆனது. லத்தீனில் ‘லோகஸ்’ என்றால் இடம். ஒரு கருவி பூமியில் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் செயலையும், அதனால் கிடைக்கும் விடையையும் ஜியோலொகேஷன் என்றே சொல்கிறார்கள். தமிழில் பிரித்துச் சொல்லலாம்: செயல் புவியிடமறிதல், விடை இருப்பிடம்.

‘இடங்காட்டல்’ என்றும் எழுதுகிறார்கள். ஜிபிஎஸ் கருவிக்கு அது சரி. மேசைக்கணினியில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்காது, அங்கே நடப்பது துப்பறிதல். லினக்ஸ் கணினிகளுக்கான திறந்த மூல மென்பொருளான ஜியோக்ளூவின் பெயரிலேயே ‘க்ளூ’, அதாவது துப்பு, இருக்கிறது. பக்கத்து வைஃபை ரவுட்டர்கள், மொடெம் இருந்தால் கைபேசிக் கோபுரங்கள், எதுவும் இல்லாவிட்டால் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரி என்று கிடைப்பதை வைத்து அது இடத்தைக் கணிக்கிறது. ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிய ஒரு தரவுத்தளம் வேண்டும். நெடுநாள் அதைத் தந்த, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 2024இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

இலங்கையின் மலையகத்தில் இந்தக் கணிப்பு எளிதில் தடுமாறும். ஹட்டன் ஏறத்தாழ வடக்கு 6.9 பாகை, கிழக்கு 80.6 பாகையில் இருக்கிறது. ஐபி முகவரியை மட்டும் நம்பினால் அங்குள்ள கணினிக்குக் கொழும்பு என்று விடை வரலாம். அதனால்தான் ஜியோக்ளூ ஒவ்வொரு இருப்பிடத்தோடும் பிழை எல்லையை மீட்டரில் தருகிறது. 1,000 மீட்டர் என்று வந்தால் நம் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு கரையும் அதற்குள் அடங்கிவிடும். அக்கரை லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போக எத்தனை வளைவு சுற்ற வேண்டும்!

ஒரு செயலி ஜியோக்ளூவிடம் கேட்கக்கூடிய துல்லிய அளவுகள் நாடு, நகரம், அயல், தெரு, மிகத் துல்லியம் என்று போகின்றன. தேயிலைத் தோட்டத்தில் தெருப்பெயர் ஏது? தோட்டம், அதன் பிரிவான டிவிஷன், லயம் என்றுதான் இடம் சொல்கிறோம். தமிழாக்கும்போது ‘தெரு அளவு’ என்பதை ‘லயம் அளவு’ என்று எழுதினால் இங்கே உடனே புரியும். நான் அதைத்தான் விரும்புவேன்.

பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களை ஆங்கிலத்தில் லைப்ரரி என்கிறார்கள். அதற்கு ‘நூலகம்’ வேண்டாம், புத்தகம்தான் நினைவுக்கு வரும். நிரல் தொகுப்பு போதும்.

பயன்பாடு: ‘புவியிடமறி நிரல் தொகுப்பு’, ‘இருப்பிடத்தின் பிழை எல்லை’, ‘இந்தச் செயலி உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?’