ஷாகாவுக்குப் போட்டோ கிடையாது

இந்த மாதத்தில் இது ஐந்தாவது. "சார், ஜூலு மன்னர் ஷாகாவின் அபூர்வ போட்டோ, ஏஐ வைத்துக் கலர் பண்ணியது" என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. இந்த முறை அனுப்பியவர் வரலாற்று ஆசிரியர். பழைய படங்களை அட்டவணைப்படுத்துவது என் பிழைப்பு என்பதால் எனக்குத்தான் முதலில் அனுப்புகிறார்கள். பாராட்டு வேறு எதிர்பார்க்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மன்னர் ஷாகா கொல்லப்பட்டது 1828-இல். டகேரோடைப் என்கிற போட்டோ எடுக்கும் முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839-இல். நடுவே பதினோரு வருஷம். படம் மங்கலாக இருந்தாலும் அது ஷாகா இல்லை. பழுப்பேறி இருந்தாலும் இல்லை. பத்தாயிரம் பேர் பகிர்ந்திருந்தாலும் இல்லவே இல்லை. அவர் உருவம் என்று உலகம் சுற்றுவதெல்லாம் 1836-இல் லண்டனில் வந்த ஒரு பயண நூலின் சித்திரத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தவை. அதிலும் பாருங்கள், குட்டைக் குத்தீட்டியால் போர்முறையையே மாற்றியவர் என்று புகழப்படுகிறவரின் கையில் நீண்ட ஈட்டி!

அப்படியானால் போட்டோவில் நிற்பவர் யார்? பெரும்பாலும் அரை நூற்றாண்டு பிந்திய, பெயர் எழுதப்படாத யாரோ ஒருவர். அங்கே டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் நகரங்களில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் ஆட்களை அழைத்து, கேடயமும் தோலும் கொடுத்து, வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். அட்டையில் 'ஜூலு வீரன்', 'ஜூலு அழகி' என்று அச்சடித்து விற்றார்கள். ஒரே படம் 'தலைவன்' என்றும் 'மந்திரவாதி' என்றும் இரண்டு தலைப்போடு என் மேஜைக்கு வந்திருக்கிறது. உண்மையிலேயே படம் எடுக்கப்பட்ட ஜூலு மன்னர், பின்னாளில் வந்த செட்ஷ்வாயோ. 1882-இல் லண்டன் போனபோது கோட்டு போட்டு எடுத்துக்கொண்ட படங்கள்கூட உண்டு. அவற்றை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. ஈட்டி இல்லையே!

கலர் பண்ணும் செயலிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் போட்டோ எடுக்கப் பயன்பட்ட, கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டுக்கு நீலம் மட்டும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் அவர்கள் அணிந்த சிவப்புப் பாசிமணியும் கறுப்பு மணியும் ஒரே இருட்டாக விழும், நீல மணி வெளிறிப்போகும். தோலின் நிறமும் இருந்ததைவிடக் கறுத்தே பதியும். ஜூலு மணிவேலையில் நிறத்துக்குப் பொருள் உண்டு. செயலியோ தன் இஷ்டத்துக்கு ஒரு நிறத்தைப் போட்டு அந்தப் பொருளையே அழித்துவிடுகிறது.

சண்டைப் படங்களும் இதே கதைதான். 1879 ஜனவரி 22, ஜூலுக்கள் ஆங்கிலேயப் படையை முறியடித்த இசான்ட்ல்வானா போரை ஒரு கேமராவும் பார்க்கவில்லை. இருப்பவை பிறகு எடுத்தவை. லண்டன் வாரப் பத்திரிகைகளின் போர்க்காட்சிகளைப் பொறுத்தவரை, கப்பலில் வந்த பென்சில் கோட்டோவியத்தை அங்கே உட்கார்ந்து வேறொருவர் மரக்கட்டையில் செதுக்கினார். பாடப்புத்தகங்கள் விரும்பும் ஆங்கிலேய ஓவியர் சார்லஸ் ஃபிரிப் அந்தப் போரை வரைந்த ஓவியம் 1885-ஐச் சேர்ந்தது. போர் நடந்த அன்று அவர் அங்கே இல்லை.

இனி வீட்டில் பழைய ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு. அட்டையிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். ஸ்டூடியோ பெயர், ஊர், சில சமயம் கைப்பட எழுதிய தேதி எல்லாம் பின்பக்கம்தான் இருக்கும். லேமினேஷன் பண்ணித் தொலைக்காதீர்கள், அதைத் திரும்ப எடுக்க என்னால் ஆகாது. எழுத வேண்டுமென்றால் பென்சில், அதுவும் பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல். ஸ்கேன் செய்தால் இரண்டு பக்கமும் செய்யுங்கள். தலைப்பில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பதிந்து, உங்கள் ஊகத்தைத் தனியாக எழுதுங்கள்.

தயவுசெய்து வெட்டாதீர்கள். போன வாரம் வந்த படத்தில் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் குடியேறிய வெள்ளைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அசலில் இடது ஓரத்தில் தலைப்பாகையோடு ஒருவர் நிற்கிறாராம். 'அழகாக இருக்கட்டும்' என்று அவரை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஸ்கேனை அனுப்பியிருந்தார்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் நம்மவர் எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள்! அந்தத் தலைப்பாகைக்காரர் யார் வீட்டுத் தாத்தாவோ. அனுப்பியவர்களே, அசல் படம் இன்னும் உங்கள் கையில் இருந்தால் முழுசாக ஒருமுறை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.