பி.பி. எண்ணை நர்ஸ் செல்போனில் பதிவது எதற்கு? அதனால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது என்ன?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்தவுடன் அந்த எண்ணை நர்ஸ் செல்போனிலோ டேப்லெட்டிலோ பதிவதை இப்போது பல ஊர்களில் பார்க்கலாம். ஏதோ அரசுக் கணக்குக்காக எழுதுகிறார்கள் என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பதிவு நோயாளிக்காகத்தான். அதன் பலனைக் கேட்டு வாங்கவும் நமக்கு உரிமை இருக்கிறது.

இதற்கு அடிப்படை, மத்திய அரசு 2010-ல் தொடங்கிய தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம். இதன்படி 30 வயதும் அதற்கு மேலும் ஆன எவரும் அரசு நிலையத்தில் பி.பி., சர்க்கரை, வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பணம் கட்டாமல் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனையும் உண்டு. பி.பி.க்கென்று தனியாக 2017 நவம்பரில் இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி தொடங்கியது. சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் முதலியவை சேர்ந்து பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளா, தெலங்கானா, மகாராஷ்டிரா ஆகிய 5 மாநிலங்களில் சில மாவட்டங்களில் ஆரம்பித்தன. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், பரிசோதனையையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் எண் போதும். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், பி.பி. உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மாத்திரை ஆரம்பிப்பதோடு வேலை முடிவதில்லை. எண் 140/90-க்குக் கீழே வரும்வரை யாராவது விடாமல் கவனிக்க வேண்டும். கணினியின் உதவி தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒருவருக்கு அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையை 5 மில்லிகிராம் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் 156/94 இருக்கிறது. கூட்டம் நெரிகிற ஓ.பி.யில் "அதே மாத்திரையைத் தொடருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. இப்படியே வருஷக்கணக்கில் ஒரே மாத்திரையில் நிற்பவர்கள் ஏராளம். முடிவெடுக்க உதவும் மென்பொருள், பழைய எண்களையும் சர்க்கரை நிலையையும் இப்போது சாப்பிடும் மாத்திரையையும் சேர்த்துப் பார்த்து, அரசு வகுத்த சிகிச்சைப் படிநிலையில் அடுத்த படி எது என்று டாக்டருக்குக் காட்டும். அளவைக் கூட்டுவதாக இருக்கலாம், டெல்மிசார்டான் என்ற இன்னொரு பி.பி. மாத்திரையைச் சேர்ப்பதாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு டெல்மிசார்டான் கூடாது என்பது போன்ற எச்சரிக்கைகளையும் அதில் வைக்கலாம். இறுதி முடிவு டாக்டருடையது.

இந்த மென்பொருள் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்ல மாட்டேன். ஹரியானாவிலும் கர்நாடகாவிலும் 40 சமுதாய சுகாதார மையங்களில் எம்வெல்கேர் என்ற இப்படியொரு டேப்லெட் மென்பொருளைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். டேப்லெட் இருந்த மையங்களிலும் பி.பி. குறைந்தது. டேப்லெட் இல்லாமல், நர்ஸுக்குப் பயிற்சியும் சிகிச்சை முறை அட்டையும் மட்டும் கொடுத்த மையங்களிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ், தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கும் மாத்திரை, தெளிவான சிகிச்சை முறை ஆகிய மூன்றும்தான் முதலில் வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பதிவின் மிகப் பெரிய பயன், வராமல் நின்றவர்களைக் கண்டுபிடிப்பது. பல மாநிலங்களில் பயன்படும் சிம்பிள் என்ற செயலியில், நோயாளியிடம் உள்ள அட்டையின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பழைய எண்கள் எல்லாம் வரும். இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். தேதி தாண்டியும் வராதவர்களின் பட்டியலை அதுவே எடுத்துக் கொடுக்கும்; நர்ஸ் போன் செய்து கூப்பிடலாம். அதனால் உங்கள் செல் நம்பர் மாறினால் அடுத்த முறை போகும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

எண் தப்பாக இருந்தால் கணினி சொல்வதும் தப்பாகிவிடும். அவசரமாக நடந்து வந்த உடனே, நின்றபடியே, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டிப் பார்த்தால் எண் ஏறிக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ பீடி சிகரெட்டோ கூடாது. முதல் எண் கூடுதலாக வந்தால் "இன்னொரு தடவை பாருங்கம்மா" என்று தயங்காமல் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

உங்கள் பி.பி. எண்ணை உங்கள் அட்டையிலோ நோட்டிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். செயலியில் ஏற்றிவிட்டோம் என்பது அதற்குப் பதில் ஆகாது, ஏனென்றால் வெளியூரில் அவசரத்துக்குத் தனியார் டாக்டரிடம் போனால் காட்ட அந்தத் தாள்தான் கையில் இருக்கும். மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்குக்கான 14 இலக்க ஆபா (ABHA) எண் இருந்தால் பதிவுகளை இணைப்பது சுலபம். ஆனால் அது கட்டாயமல்ல. அந்த எண் இல்லை என்று சொல்லி உங்களுக்குப் பரிசோதனையையோ மாத்திரையையோ மறுக்கக் கூடாது.

எண் கட்டுக்குள் வந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது கட்டுக்குள் இருப்பதே மாத்திரையால்தான். கால் வீங்கினாலோ தலை சுற்றினாலோ டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு. கையில் உள்ள மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய் வாங்கிக்கொள்ளுங்கள். "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று சொன்னால் எப்போது வரும் என்று மருத்துவ அலுவலரிடமே கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்தும் சொல்லலாம்.