பம்ப் மார்க்கரும் மறந்துபோன குண்டும்

பெயின்ட் நிரம்பிய குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பாலுக்குக் கனடாவில் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே மார்க்கர், அதாவது அந்தக் குண்டைச் சுடும் துப்பாக்கி, பழுதுபார்ப்பது என் வேலை. வார இறுதியில் ஆள் போதாவிட்டால் விசிலை மாட்டிக்கொண்டு நடுவராகவும் நிற்பேன். போன கோடையில் நம்மூர்ப் பையன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பம்ப் மார்க்கரை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். "காஸ் தீர்ந்துபோச்சுண்ணா, குண்டும் இல்ல. பம்ப் மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, பாருங்க." பேரலுக்கு உறை போடவில்லை. பழக்க தோஷத்தில் மேசையோரம் இருந்த மணல் வாளிப் பக்கம் திருப்பி ட்ரிகரை இழுத்தேன். பட்டென்று சத்தம், மணலில் மஞ்சள் பெயின்ட். பையன் முகம் வெளுத்துவிட்டது.

அவன் பொய் சொல்லவில்லை. மேலே குண்டு நிரப்பும் ஹாப்பர் காலிதான். சிலிண்டரில் மிச்சம் இருந்ததும் ஓரிரு முறை சுடத்தான் காணும். ஆனால் ஆட்டம் முடிவதற்குச் சற்று முன் ஒருமுறை பம்பை இழுத்துத் தள்ளியிருக்கிறான். சுட வாய்ப்பு வரவில்லை, அப்படியே மறந்துவிட்டான்.

பம்ப் மார்க்கர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது ஏன் நடக்கிறது என்பது புரிந்துவிடும். முன்கைப்பிடியைப் பின்னால் இழுக்கும்போது உள்ளே போல்ட் பின்வாங்கி, மேலிருந்து ஒரே ஒரு குண்டு சேம்பரில், அதாவது சுடுவதற்கு முன் குண்டு உட்காரும் இடத்தில், விழுகிறது. முன்னால் தள்ளும்போது போல்ட் அந்தக் குண்டைப் பேரலின் வாயில் கொண்டுபோய் வைக்கிறது. இந்த ஒரு போக்குவரத்துக்குள்ளேயே உள்ளிருக்கும் சுத்தியலும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. ட்ரிகரை இழுத்தால் கொக்கி விடுபட்டு, சுத்தியல் வால்வைத் தட்டி, ஒரு மிடறு காஸ் குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு மார்க்கர் நிஜமாகவே செத்த பொருள், மறுபடி கை வைத்தால்தான் உயிர் வரும். சிக்கல் என்னவென்றால், இழுத்துத் தள்ளிய மார்க்கருக்கும் தள்ளாத மார்க்கருக்கும் வெளியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பம்ப் அடிக்காமல் ட்ரிகரை இழுக்க இழுக்கச் சுடும் செமி ஆட்டோவைக் கையில் எடுத்தவர்கள் அதை எப்போதும் சுடத் தயாராக இருக்கிற பொருளாகவே நடத்துகிறார்கள். பம்ப் என்றால் ஒரு பொம்மை நினைப்பு வந்துவிடுகிறது. மெதுவானது, பழையது, ஒவ்வொன்றாகத்தான் சுடும், இது என்ன செய்துவிடும் என்று.

பழையது என்பது உண்மைதான். 1970களில் அமெரிக்காவில் வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே அடையாளமிட நெல்-ஸ்பாட் 007 என்று ஒரு கருவி இருந்தது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும், சாய்த்துக் குண்டை உருட்ட வேண்டும். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கர் என்ற ஊர்க் காட்டில் 12 பேர் அதை வைத்துத்தான் முதல் பெயின்ட்பால் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ரிச்சி வைட் என்ற வனத்துறைக்காரர். அவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பம்ப் ஆட வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பிறகு வந்த செமி ஆட்டோக்களில் பேர்போன ஆட்டோகாக்கரே, ஸ்னைப்பர் என்ற பம்ப் மார்க்கரின் கை வேலையைக் காற்றழுத்தத்திடம் ஒப்படைத்துப் பிறந்ததுதான்.

ஆனால் குண்டுக்குப் பழசு புதுசு தெரியாது. 0.68 அங்குலம், அதாவது சுமார் 17 மில்லிமீட்டர் விட்டம். எடை 3 கிராம். வினாடிக்கு 300 அடி வேகத்தில் கிட்டத்தட்ட 12 ஜூல் ஆற்றலோடு வந்து மோதுகிறது. உடம்பில் பட்டால் ஊதா நிறத்தில் ஒரு வட்டம், ஒரு வாரக் கதை. கண் வேறு. பெரிய பந்து முகத்தில் மோதினால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு அடியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். இது அந்த எலும்பு வளையத்துக்குள் நேராக நுழைகிற அளவு. கண்ணுக்குள் ரத்தக் கசிவு, லென்ஸ் மங்கிப்போதல், விழித்திரை கழன்றுகொள்ளுதல், சில வருடம் கழித்துக் கண் அழுத்த நோய் என்று மருத்துவர்கள் அடுக்குவார்கள். பார்வையே போனவர்கள் உண்டு. இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நொடியில் கோகிள் அணியாதவர்கள் அல்லது கழற்றியவர்கள்.

எனவே 200 டாலர் கையில் இருந்தால் அதில் முதல் பங்கு முகக்கவசத்துக்கு. ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்ற தரக்குறி அதில் இருக்க வேண்டும். பனிச்சறுக்குக் கண்ணாடி, பட்டறைக் கண்ணாடி எதுவும் ஆகாது. இரட்டை அடுக்குள்ள தெர்மல் லென்ஸாகவே வாங்குங்கள். காரணம் இருக்கிறது. பம்ப் ஆட்டக்காரர் ஓடிக்கொண்டே சுடுபவர் அல்லர். புதருக்குள் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர். வியர்வையும் மூச்சும் சேர்ந்து சாதாரண லென்ஸில் ஆவி படிந்துவிடும். "ஒரு செகண்ட்தானே, துடைச்சுக்கலாம்" என்று கவசத்தைத் தூக்கியவர்களை நான் விசில் ஊதி, தரையைப் பார்த்துப் படுக்கவைத்திருக்கிறேன். ஆவி படிந்தால் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள், நாங்களே வெளியே கூட்டிவருவோம்.

சரி, மார்க்கருக்கு வருவோம். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, பம்பை முழுவதும் இழுக்காமல் பாதியில் தள்ளிவிடுவது. பாதி விழுந்த குண்டை போல்ட் கத்தரித்துவிடும், உள்ளே பெயின்ட் கஞ்சியாகும், அதன்பின் எந்தக் குண்டும் நேராகப் போகாது. இடிக்கும் வரை இழுக்க வேண்டும், இடிக்கும் வரை தள்ள வேண்டும். இன்னொன்று, தள்ளினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் சுடாமலேயே இரண்டாம் முறை இழுப்பது. அப்போது இன்னொரு குண்டும் உள்ளே போய்விடும். ஒரே சுடலில் இரண்டும் தத்தளித்து வெளியே விழும். காஸும் குண்டும் இல்லாமல் வீட்டில் ஒரு மாலை முழுக்க வெறும் பம்ப் அடித்துப் பழகினால் இந்த இரண்டு தவறும் போய்விடும். டிவி பார்த்துக்கொண்டே அடிக்கலாம், வீட்டில் இருப்பவர்கள் திட்டினால் நான் பொறுப்பில்லை.

சில மார்க்கர்களில் ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்ப் அடித்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு குண்டு தானாகவே பறக்கும். ஆட்டோ ட்ரிகர் என்பார்கள். தெரிந்து செய்தால் அழகான வித்தை. தெரியாதவர் கையில், ட்ரிகர் மேல் விரலை வைத்தபடியே பம்ப் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவரின் காலில் முடியும். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று சுடுதளத்தில் முதல் நாளே சோதித்துவிடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், பம்ப் அடிக்கும்போது விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே.

காஸ் விஷயத்தில் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் ஒரு வசீகரம் உண்டு. ஆனால் அதன் அழுத்தம் வெயிலோடு ஏறும், குளிரோடு இறங்கும். அக்டோபர் காலையில் வேகம் குறைகிறதே என்று ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். மதிய வெயிலில் அதே மார்க்கர் மைதானத்தின் வேக வரம்பைத் தாண்டிச் சுடும். வானிலை மாறினால் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் மறுபடி பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் 10 குண்டுக் குழாயும் 12 கிராம் குப்பியும் இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்துக்கு ஹாப்பரும் சின்ன அழுத்தக் காற்று சிலிண்டரும் போதும்.

சிலிண்டரைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். வால்வும் சிலிண்டரும் சேர்ந்து சுற்றி வர வேண்டும். வால்வு மார்க்கரோடு நின்றுகொண்டு சிலிண்டர் மட்டும் சுற்றினால் அது ராக்கெட்டாகிவிடும். அமெரிக்காவில் இதனால் உயிரே போயிருக்கிறது. வால்வையும் சிலிண்டரையும் இணைத்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு விலகினதும் தெரிந்துவிடும். விலகியிருந்தால் அதற்கு மேல் திருகாதீர்கள், எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள். காற்று நிரப்பும் முனையில் எண்ணெய் படவே கூடாது, அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் கவசத்தைத் தூக்காதீர்கள். முதலில் பேரல் உறை. சுடுதளத்தில் ஹாப்பரைக் கழற்றி, பாதுகாப்பான பக்கம் திருப்பி, உறையை எடுத்துவிட்டு, பம்ப் அடித்துச் சுட்டு, இரண்டு முறை வெறும் காற்று வரும் வரை பாருங்கள். பிறகு காஸைக் கழற்றி, உறையை மறுபடி மாட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர்களும் மாட்டிவிட்டார்களா என்று பார்த்த பிறகு, நடுவர் சொல்லும் இடத்தில் கவசத்தைக் கழற்றலாம். காரில் கொண்டுபோகும்போது மூடிய பைக்குள் இருக்கட்டும், தூரத்திலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு அது பெயின்ட்பால் என்று தெரியாது.

அந்தப் பையன் இந்த வருடமும் வருகிறான், நன்றாகவே ஆடுகிறான். மார்க்கரை என் மேசையில் வைக்கும்போதெல்லாம், "ரெண்டு தடவ காலியாச் சுட்டுட்டேண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு, மணல் வாளிப் பக்கம் திருப்பித்தான் இழுத்துப் பார்க்கிறேன்.