எலி கடிக்கவே வேண்டாம்

இந்த ஐப்பசியில் எலிக்காய்ச்சலோடு என்னிடம் வந்தவர்களில் இவர் 4-ஆவது ஆள். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், நாற்பது வயதிருக்கும். 5 நாளாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் வலி மாத்திரையாக வாங்கிப் போட்டு, மஞ்சள் காமாலை தட்டி, சிறுநீர் குறைந்த பிறகுதான் கூட்டி வந்தார்கள். கண் இரண்டும் சிவந்திருந்தன; பீளை இல்லை. கெண்டைக்காலை லேசாக அழுத்தினேன், துடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். கால்விரல் இடுக்கில் ஒரு வெட்டு, அதில் மஞ்சள்தூள் அப்பியிருந்தது.

"தண்ணியில எறங்குனீங்களா?"

"போன வாரம் வாய்க்கால்ல வலை போட்டனுங்க. ஆனா எலி எதுவும் கடிக்கலைங்க டாக்டர்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மலையாளத்தில் எலிப்பனி, தமிழில் எலிக்காய்ச்சல். இரண்டிலும் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. எலி கடிக்கவே வேண்டாம். எலியை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டாம். வரப்பில் அது பெய்த மூத்திரம் மழையோடு வாய்க்காலுக்கு வந்தால் போதும். மாடு, நாய், பன்றி மூத்திரத்திலும் இதே கிருமி வரும். "தண்ணி தெளிவாத்தான் ஓடுச்சு" என்பதும் பேச்சே இல்லை, தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும். சின்னக் கீறல், நெடுநேரம் ஊறி வெளுத்த தோல், தண்ணீர் தெறித்த கண், இவை போதும் உள்ளே போக. எலி கடித்து வரும் காய்ச்சல் தனி நோய். அதைப் போட்டு இதில் குழப்பாதீர்கள்.

துலாவருஷத்தில் (ஐப்பசி மழையில்) சித்தூர்ப் புழையும் வாய்க்காலும் நிறையும்போது மீன் பிடிக்காதே என்றால் யார் கேட்பார்கள்? நானும் சொல்லவில்லை. காலில் புண் இருந்தால் அந்த வாரம் இறங்காதீர்கள். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுங்கள். தேளி மீன் (இங்கே காரி) முள்ளால் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, தோல் வேகாத அளவு சூடான தண்ணீரில் கையை வையுங்கள்; வலி இறங்கும். அந்தக் காயத்தோடு மறுபடி வலை இழுக்கப் போகாதீர்கள்.

தினமும் தண்ணீரில் நிற்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒரு முறை போடலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடியுங்கள், போட்டதும் படுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

தண்ணீரில் இறங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்தும், சிலருக்கு ஒரு மாதம் வரை தள்ளியும் காய்ச்சல் வரும். அதற்குள் மீன் பிடித்ததே மறந்துபோகும். முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை பலருக்கு 'நெகட்டிவ்' என்றே வரும். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம் என்றும் இருக்காதீர்கள். கிட்னி பழுதாக அந்த இரண்டு நாளே போதும். இவர் இப்போது டயாலிசிஸில் இருக்கிறார்.

கூட்டி வரும் அக்காமார்களே, சீட்டுப் போடும்போதே சொல்லிவிடுங்கள்: "மீன் புடிக்கத் தண்ணியில எறங்குனாருங்க." நாங்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.