பால்சோறும் பூனைக்கு வரும் சர்க்கரையும்

காரைக்குடிப் பக்கம் வீட்டுப் பூனைக்குப் பால்சோறு வைப்பது பழைய வழக்கம். எலி பிடித்துத் திரிந்த பூனைக்கு அது கூடுதல் தீனி, அவ்வளவுதான். கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கொழுத்துப்போன நடுவயதுக் கடுவனுக்கு அப்படியல்ல; அதற்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து அதிகம்.

பூனை முழு மாமிசப் பிராணி. மாவுச்சத்தைக் கையாளும் குளுக்கோகைனேஸ் நொதி அதன் கல்லீரலில் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. உடம்பில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் எடுபடாது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் அமைலின் என்ற புரதம் கணையத்திலேயே படிந்து, இன்சுலின் சுரக்கும் செல்களைக் கெடுக்கும். ரத்தத்தில் தேங்கும் சர்க்கரையும் மிச்சமுள்ள செல்களை முடக்கிவிடும்.

இந்த முடக்கம் நிரந்தரமல்ல என்பதுதான் நல்ல செய்தி. சீக்கிரமே இன்சுலின் போட்டு, மாவுச்சத்தையும் குறைத்தால், ஓய்வு கிடைத்த செல்கள் மீண்டும் சுரக்கத் தொடங்கலாம். சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத பூனைகளும் உண்டு.

அதனால் முதலிலேயே கண்டுபிடிப்பது முக்கியம். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமார் 270 மில்லிகிராமைத் தாண்டினால் பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். மனிதருக்கு அந்த எல்லை 180. சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும். நன்றாகத் தின்றும் இளைக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அது சிறுநீர் கழித்த இடம் பிசுபிசுத்து, எறும்பு மொய்த்தால் சந்தேகப்படுங்கள். நரம்பு பாதித்த பூனை பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும்.

பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும். எனவே ஒரு ரத்தச் சோதனையை மட்டும் நம்பாமல், கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தச் சோதனையையும் மருத்துவர் பார்ப்பார்.

இன்சுலின் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பூனை சாப்பிடவில்லையா? மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ ஈறில் தேனைத் தடவி உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

எடை குறையட்டும் என்று பட்டினி மட்டும் போடவே கூடாது. கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். கோழிக் குழம்பும் வேண்டாம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும். வெறும் வேகவைத்த கோழி மட்டும் கொடுத்தால் கால்சியம் பற்றாது. மாவுச்சத்து குறைந்த ஈரத் தீவனமே நல்லது. அப்புறம், ஊசி நின்றுபோன பூனைக்கும் சர்க்கரை திரும்பலாம் என்பதால், அது குடிக்கும் தண்ணீரின் அளவைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.